குருவிக்கூடு வயர்களும் கையடக்க கேம் கருவிகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாடசாலைக் கண்காட்சிகளில் பிள்ளைகள் செய்து வைக்கும் கையடக்க கேம் கருவிகளின் படங்கள் பத்திரிகைகளில் அடிக்கடி வருகின்றன. எல்லாப் படமும் முன்பக்கத்தைத்தான் காட்டுகிறது. சிறிய திரை, இடப்பக்கம் திசைப் பொத்தான்கள், வலப்பக்கம் நான்கு நிறப் பொத்தான்கள், பார்க்க அழகுதான். பின்மூடியைக் கழற்றினால் உள்ளே இருப்பது குருவிக்கூடு. நிறம் நிறமாக வயர்கள், அவற்றின் மேல் கட்டி கட்டியாகச் சூட்டுப் பசை. இரண்டாம் நாள் காலையில் கருவி வேலை செய்யவில்லை என்று பிள்ளைகள் கையைப் பிசைவதற்குக் காரணம் பெரும்பாலும் கணினிச் சில்லு அல்ல, மென்பொருளும் அல்ல. அந்தக் கூடுதான்.

ஒருமுறை எண்ணிப் பாருங்கள். ராஸ்பெரி பை சீரோ 2 டபிள்யூ என்ற சிறு கணினிப் பலகையை வைத்துச் செய்யும் சாதாரணக் கருவி ஒன்றில் 12 பொத்தான்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வயர் போட்டால் 24. ஐ.எல்.ஐ. 9341 சில்லு கொண்ட 2.8 அங்குலத் திரைக்கு 9. ஒலிபெருக்கிச் சில்லுக்கு 5, ஸ்பீக்கருக்கு 2. பற்றரி, சார்ஜ் செய்யும் பலகை, 5 வோல்ற்றுக்கு உயர்த்தும் பலகை, ஆளி எல்லாவற்றையும் இணைக்க இன்னும் எட்டோ பத்தோ. மொத்தம் ஐம்பதைத் தொடும். வயர் ஐம்பது என்றால் ஈயம் வைத்த இடம் நூறு. நூறில் ஒன்று பழுதானாலும் கருவி முழுவதும் பழுதானதாகவே தெரியும், எந்த ஒன்று என்று தேடுவதற்குள் கண்காட்சி முடிந்துவிடும்.

பழுது எந்த இடத்தில் வரும் என்பதும் தெரிந்ததே. பல இழை வயரில் ஈயம் வைக்கும்போது உருகிய ஈயம் இழைகளுக்குள் மேலேறி, அந்தத் துண்டை ஊசி போல விறைக்கச் செய்கிறது. விறைத்த பகுதி முடிந்து வளையும் பகுதி தொடங்கும் அந்த ஒரு மில்லிமீற்றரில்தான் வயர் முறியும். மூடியை ஒவ்வொரு தடவை திறந்து மூடும்போதும் வளைவு அங்கேயே விழுகிறது. உறை மேலே அப்படியே இருக்க உள்ளே இழை அறுந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, அழுத்தினால் வேலை செய்யும், விட்டால் நின்றுவிடும். சூட்டுப் பசை இதற்கு மருந்தல்ல. வெயில் படும் கண்காட்சி மேசையில் அது இளகும். பிய்த்தெடுக்கப் போனால் பலகையிலுள்ள செப்புத் திட்டையும் சேர்த்துக் கொண்டு வரும்.

இதற்கு வழி, செப்புக் கோடுகளே வயராக அமையும் அச்சிட்ட மின்சுற்றுப் பலகையை நாமே வரைந்து செய்துகொள்வது. எல்லாவற்றையும் ஒரே பலகையில் ஏற்றிவிட வேண்டும் என்று ஆசைப்படுவது முதல் முறையிலேயே விழும் குழி. எங்கள் கருத்து இதுதான்: பெட்டி எங்கே இரண்டாகப் பிரிகிறதோ அங்கேதான் பலகையும் பிரிய வேண்டும். 1989இல் வந்த நின்டெண்டோவின் முதல் கேம் பாயைத் திறந்தவர்களுக்கு இது புரியும். முன்மூடியோடு திரையும் பொத்தான்களும் உள்ள பலகை, பின்மூடியோடு செயலியும் கேம் அட்டை செருகும் இடமும் உள்ள பலகை, நடுவே ஒரேயொரு றிபன் கேபிள். மூடியைத் திறந்தால் அசைவது அந்த ஒரு கேபிள் மட்டும். அதைவிட நல்ல பாடம் புதிதாகத் தேவையில்லை.

ஆகவே முன்பலகை ஒன்று, பின்பலகை ஒன்று. முன்பலகையில் வயரை அதிகம் மிச்சப்படுத்துவது எம்.சி.பி. 23017 என்ற சில்லு. பொத்தான்கள் தரும் 12 சமிக்ஞைகளையும் அது வாங்கி, ஐ2சி என்ற இரண்டு கம்பி முறையில் ராஸ்பெரி பைக்கு அனுப்பும். 3.3 வோல்ற்று, தரை (சுற்றின் பூச்சிய வோல்ற்றுப் பக்கம்), ஐ2சியின் இரண்டு கம்பிகளான எஸ்.டி.ஏ., எஸ்.சி.எல்., பொத்தான் அழுத்தப்பட்டதைச் சொல்லும் இடையீட்டுக் கம்பி என ஐந்து தொடுப்புகளோடு பொத்தான் வேலை முடிந்தது. 28 கால் கொண்ட பெரிய வடிவிலும் கிடைப்பதால் சாதாரண சூட்டுக்கோலால் பிள்ளைகளே ஈயம் வைக்கலாம். 16 வாயில்கள் உண்டென்றாலும் ஜி.பி.ஏ.7, ஜி.பி.பி.7 இரண்டையும் உள்ளீடாகப் பயன்படுத்த வேண்டாம் என்று தயாரிப்பாளரின் பிந்திய தரவுத்தாள் சொல்கிறது. மிஞ்சும் 14 நமக்குத் தாராளம்.

இந்தச் சில்லில் பிள்ளைகள் செய்யும் தவறுகள் மூன்றுதான். மீளமைப்புக் காலை எதிலும் தொடுக்காமல் விடுவது முதலாவது, அதை 3.3 வோல்ற்றில் கட்ட வேண்டும், இல்லையென்றால் கை கிட்டப் போனாலே சில்லு தானாக மீளத் தொடங்கும். இரண்டாவது, ஏ0, ஏ1, ஏ2 என்ற முகவரிக் கால்களை அந்தரத்தில் விடுவது. மூன்றையும் தரையில் கட்டினால் முகவரி 20 (பதினாறடி எண்ணில்) என்று நிலைக்கும். மூன்றாவது, 5 வோல்ற்று கொடுப்பது. ராஸ்பெரி பையின் கால்கள் 3.3 வோல்ற்றுக்கு மேல் தாங்கா. ஐ2சி கம்பிகளை 3.3 வோல்ற்றை நோக்கி இழுத்து வைக்கும் மேலிழு தடையி தனியாகத் தேவையில்லை, ராஸ்பெரி பையின் பலகையிலேயே 1.8 கிலோ ஓம் இரண்டு இருக்கின்றன.

பொத்தானுக்கு 6 × 6 மி.மீ. தொடு ஆளியைப் போடுபவர்கள் கவனிக்க வேண்டியது: அதன் நான்கு கால்களில் இரண்டிரண்டு உள்ளேயே இணைந்தவை. பலகையில் 90 பாகை திருப்பி வரைந்துவிட்டால் பொத்தான் எந்நேரமும் அழுத்தியபடியே இருக்கும். மூலைக்கு மூலை உள்ள இரண்டு கால்களை எடுத்தால் எப்படித் திருப்பினாலும் பிழைக்காது. பழைய கேம் கருவிகளின் இறப்பர்ப் பொத்தான்களைப் போடுவதானால், கரித்திட்டு தொடும் இடத்தில் இரண்டு சீப்புகளை எதிரெதிராகச் செருகியது போலச் செப்புக் கோடுகளை வரைய வேண்டும். அந்த இடத்துக்கு ஈய முலாம் சரிவராது. மேடுபள்ளமாக இருக்கும், நாளடைவில் கறுக்கும். தங்க முலாம் கேட்டால் விலை சற்றுக் கூடும், ஆனால் இந்த ஒரு இடத்தில் கஞ்சத்தனம் காட்டக் கூடாது.

இனி இரண்டு பலகைகளையும் இணைக்கும் கேபிள். பொத்தான் சில்லுக்கு மூன்று சமிக்ஞை, திரைக்கு ஆறு, மொத்தம் ஒன்பது. 1 மி.மீ. இடைவெளியுள்ள 16 வழித் தட்டைக் கேபிள் போதும், மிஞ்சும் வழிகளைத் தரைக்கும் மின்னுக்கும் கொடுக்கலாம். இந்தக் கேபிள்களில் இரு வகை உண்டு. ஒன்றில் இரு முனைகளிலும் வெள்ளித் தொடுகைகள் ஒரே முகத்தில் இருக்கும், மற்றதில் எதிரெதிர் முகத்தில். மாறி வாங்கினால் 1ஆம் வழி 16ஆம் வழிக்குப் போய்விடும். இதனால் பலகை எரிந்த பிறகு கேபிளைக் குறை சொல்வதைவிட வரையும்போதே காப்பு வைக்கலாம். 1ஐயும் 16ஐயும் தரையாக்குங்கள், நடுவிலுள்ள 8ஐயும் 9ஐயும் 3.3 வோல்ற்றாக்குங்கள். கேபிள் தலைகீழாகப் போனாலும் தரை தரையிலும் மின் மின்னிலுமே விழும். திரை வராது, ஆனால் சில்லு எரியும் வாய்ப்பு மிகக் குறையும். தரவுக்குத் தாளம் கொடுக்கும் திரையின் கடிகாரக் கம்பிக்கு இருபுறமும் தரை வழி விடுவது நல்லது. ஒரு முழுப் படம் 320 × 240 × 16, அதாவது 1,228,800 பிட். வினாடிக்கு 30 படம் என்றால் கிட்டத்தட்ட 37 மில்லியன் பிட் தரவுக் கம்பி வழியே ஓட வேண்டும், கடிகாரக் கம்பியும் அதே வேகத்தில் துடிக்க வேண்டும். 15 சென்ரிமீற்றர் தொங்கு வயர்களில் திரையில் புள்ளி புள்ளியாக வருவதற்குக் காரணம் இதுதான்.

திரையின் பின்னொளியை நேரே ராஸ்பெரி பையின் காலில் கட்டுபவர்களும் இருக்கிறார்கள். ஒரு கால் தரக்கூடியது 16 மில்லி அம்பியர்தான், பின்னொளி அதைவிடப் பல மடங்கு கேட்கும். சிறிய திரான்சிற்றர் ஒன்றை முன்பலகையிலேயே வைத்து, கேபிள் வழியே கட்டளையை மட்டும் அனுப்ப வேண்டும்.

மின்வழங்கல்தான் இதில் கனமான பகுதி. கருவி உச்சத்தில் 5 வோல்ற்றில் 1 அம்பியர் எடுக்கிறது என்று கொள்வோம். பற்றரி 3.5 வோல்ற்றுக்கு இறங்கிய வேளையில், உயர்த்தும் சுற்றின் திறன் 90 சதவீதம் என்றால், பற்றரியிலிருந்து இழுபடுவது சுமார் 1.6 அம்பியர். 30 கேஜ் மெல்லிய வயரின் தடை மீற்றருக்கு 0.34 ஓம் அளவு. போக 15, வர 15 என 30 சென்ரிமீற்றர் போட்டால் 0.1 ஓம், அதிலேயே 0.16 வோல்ற்று தொலைகிறது. கேமில் சத்தமும் ஒளியும் ஒன்றாகக் கூடும் கணத்தில் கருவி அணைந்து எழுவதும், நினைவக அட்டை கெட்டுப்போவதும் இப்படித்தான். பலகையில் 2 மி.மீ. அகலச் செப்புக் கோட்டை 5 சென்ரிமீற்றருக்கு இழுத்தால் தடை 0.0125 ஓம், இழப்பு 0.02 வோல்ற்று. சமிக்ஞைக் கோடுகளுக்கு 0.25 மி.மீ. போதும். மின்கோடுகளையும் அதே அகலத்தில் விட்டுவிடுவதுதான் கணினியில் முதன்முறை வரைபவர்கள் செய்யும் தவறு. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மின்னைக் கடத்தும் துளையையும் ஒன்றோடு நிறுத்தாமல் மூன்று நான்காகப் போட வேண்டும்.

வெளிநாடுகளில் 2006இல் வந்த நின்டெண்டோ வீ என்ற கேம் இயந்திரத்தின் பலகையை அறுத்துச் சிறிதாக்கிக் கையடக்கமாக மாற்றுபவர்கள் உண்டு. அதற்கு 1, 1.15, 1.8, 3.3 வோல்ற்று என நான்கு வழங்கல்கள் வேண்டும். 1 வோல்ற்றுக் கோட்டில் 0.1 வோல்ற்று தொலைந்தால் பத்தில் ஒன்று போய்விட்டது. இந்த வழங்கல்களைத் தரும் நான்கு சீராக்கிகளையும் ஒரே பலகையில் ஏற்றி அறுத்த பலகைக்கு ஒட்டியே வைப்பது அந்த வேலையில் வசதிக்காகச் செய்வதல்ல. அதுவே கருவி எழுவதற்கான நிபந்தனை.

நம் கருவிக்கு ஒரே ஒரு உயர்த்தும் சுற்று போதும். கடையில் வாங்கும் எம்.ரி. 3608 சிறு பலகையில் திருகித் திருத்தும் தடையி ஒன்று இருக்கும். புதிதாக வந்தது என்ன அளவில் நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது, 28 வோல்ற்று வரை போகக்கூடியது. அளக்காமல் ராஸ்பெரி பையைக் கட்டினால் அன்றோடு அது முடிந்தது. வெற்றாக வைத்துப் பல்மானியால் (மல்டிமீற்றர்) 5.1 வோல்ற்றுக்குத் திருகி (முதல் பல சுற்றுகளுக்கு ஒன்றும் அசையாது, பொறுமை வேண்டும்), திருகின் தலையில் நகப்பூச்சு ஒரு துளி விட்டுவிடுங்கள். சில்லை நேரே பலகையில் ஏற்றும் துணிவு உள்ளவர்களுக்கு 75 கிலோ ஓமும் 10 கிலோ ஓமும் இரண்டு நிலைத் தடையிகள் போதும். சில்லு ஒப்பிட்டுப் பார்க்கும் அளவு 0.6 வோல்ற்று, அதை 8.5ஆல் (இரண்டு தடையிகளும் சேர்ந்த 85ஐ 10ஆல் வகுத்தது) பெருக்கினால் சரியாக 5.1. திருகவும் வேண்டாம், நகப்பூச்சும் வேண்டாம்.

சார்ஜ் செய்யும் ரி.பி. 4056 பலகை 1.2 கிலோ ஓம் தடையியோடு வரும், அதாவது 1 அம்பியர். 1000 மில்லி அம்பியர் மணி பற்றரிக்கு அது அதிகம், 2 கிலோ ஓமாக மாற்றினால் 0.58 அம்பியராகக் குறையும். விளையாடியபடியே சார்ஜ் ஏற்றினால் பற்றரி நிறைந்ததா இல்லையா என்று அந்தச் சில்லுக்குத் தெரியாமல் போகும், கருவி இழுக்கும் மின்னையும் பற்றரி இழுப்பதாகவே அது எண்ணும். பின்பலகையில் ஆளி போல மின்னை விடவும் தடுக்கவும் வல்ல ஏ.ஓ. 3401 போன்ற பி வகை மொஸ்பெற் ஒன்றும், மின்னை ஒரு பக்கம் மட்டும் விடும் எஸ்.எஸ். 34 இருவாயி ஒன்றும் 100 கிலோ ஓம் தடையி ஒன்றும் சேர்த்தால் இது தீரும். யு.எஸ்.பி. மின் இருவாயி வழியே கருவிக்குப் போகும், அதே மின் மொஸ்பெற்றின் கட்டுப்பாட்டுக் காலான வாயிலை உயர்த்திப் பற்றரியை விலக்கி வைக்கும். கழற்றியதும் தடையி வாயிலைத் தரைக்கு இழுக்க, பற்றரி சுமையை ஏற்கும். மொஸ்பெற்றின் மற்ற இரண்டு கால்களில் வடிகால் பற்றரிப் பக்கம், மூலம் கருவிப் பக்கம். மாற்றிப் போட்டால் மொஸ்பெற்றுக்குள் இருக்கும் இருவாயி வழியே யு.எஸ்.பி. மின் கட்டுப்பாடின்றிப் பற்றரிக்குள் ஏறும், இது உண்மையிலேயே ஆபத்து. சிறிய தள்ளு ஆளிகள் அரை அம்பியர் அல்லது அதற்கும் குறைவுக்கே செய்தவை. அவற்றில் 1.6 அம்பியரை ஓட்டினால் தொடுகை கருகும். ஆளி இன்னொரு மொஸ்பெற்றின் வாயிலை மட்டும் கட்டுப்படுத்தட்டும்.

பற்றரிச் செருகி பற்றி ஒரு வார்த்தை. 2 மி.மீ. இடைவெளி வெள்ளைச் செருகிகளில் சிவப்பு எந்தப் பக்கம் வர வேண்டும் என்பதற்குப் பொது நியதி கிடையாது. ஒரே கடையில் வாங்கிய இரண்டு பற்றரிகளே எதிரெதிராக இருக்கலாம். பலகையில் + , − குறிகளைப் பெரிதாக அச்சிடுங்கள், செருகுமுன் ஒவ்வொரு பற்றரியையும் பல்மானியால் பாருங்கள். மாறியிருந்தால் செருகியின் உலோக முனைகளை ஊசியால் நெம்பி எடுத்து இடம் மாற்றலாம், வயரை வெட்டத் தேவையில்லை. வீங்கிய பழைய கைத்தொலைபேசிப் பற்றரியைப் பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது.

ஒலிக்கு மக்ஸ் 98357 சில்லு வசதியானது. அதன் இரண்டு வெளியீடுகளில் எதையும் தரையில் கட்டக் கூடாது என்பது மட்டும் நினைவிருக்கட்டும். ஸ்பீக்கர் வயர் இரண்டையும் முறுக்கித் தனியே கொண்டுபோங்கள், றிபனுக்குள் போட வேண்டாம். அந்தச் சில்லு ராஸ்பெரி பையின் ஜி.பி.ஐ.ஓ. 18, 19, 21 என்ற கால்களைப் பிடித்துக்கொள்ளும். பின்னொளிக்கு 18ஐ எடுக்கச் சொல்லும் பழைய வரைபடங்களைப் பின்பற்றினால் ஒலி வராது. ஜி.பி.ஐ.ஓ. 12ஐப் பயன்படுத்தலாம் (கால்வரிசை எண் வேறு, ஜி.பி.ஐ.ஓ. எண் வேறு).

வரைவதற்குக் கிகாட் மென்பொருள் இலவசம். 1992இல் பிரான்சில் ஒருவர் தொடங்கியதை 2013 முதல் ஐரோப்பாவின் சேர்ன் துகள் இயற்பியல் ஆய்வுகூடமும் வளர்த்தெடுத்தது. சாதாரண மடிக்கணினியில் ஓடும். சுற்று வரைபடம், பாகங்களின் கால்தடம், கோடுகள், விதிச் சோதனை என்ற ஒழுங்கில் போக வேண்டும். விதிச் சோதனை காட்டும் சிவப்புக் குறிகளைப் பொருட்படுத்தாமல் கோப்பை அனுப்பினால் பலகை வந்த பிறகு கத்தியால் கோடு வெட்டுவதுதான் வேலை. அனுப்புமுன் வரைபடத்தை நூறு சதவீத அளவில் காகிதத்தில் அச்சிட்டு, பாகங்களை அதன் மேல் குத்திப் பாருங்கள். வெறும் காகிதம்தானே என்று நினைக்க வேண்டாம், திரைத் துளை 2 மி.மீ. தள்ளியிருப்பதை அதுதான் காட்டிக்கொடுக்கும். ராஸ்பெரி பையைப் பலகையின் பின்பக்கத்தில் ஏற்றுபவர்கள் 40 கால் வரிசை கண்ணாடி விம்பமாக மாறுவதை மறந்துவிடுகிறார்கள். மாறினால் 5 வோல்ற்று போகும் காலில் 3.3 வோல்ற்று வந்து நிற்கும். வைபை அன்ரனா இருக்கும் பக்கத்தின் அடியில் செப்பை நிரப்பவும் கூடாது.

முதல் பலகையிலேயே எல்லாச் சில்லையும் ஏற்ற வேண்டியதில்லை. சார்ஜ் பலகை, உயர்த்தும் பலகை, ஒலிப் பலகை மூன்றையும் கடையில் வாங்கியபடியே ஊசிக்கால் வைத்து ஒரு தாய்ப்பலகையில் நிறுத்தினாலே ஐம்பது வயரில் நாற்பத்தைந்து போய்விடும். சாதாரணதரத்தில் இலத்திரனியல் படிக்கும் பிள்ளைக்கு அதுவே சரியான படி. 2013இல் தொடங்கிய உயர்தரத் தொழினுட்பத் துறையின் செயற்றிட்டத்துக்குச் சில்லுகளை நேரே ஏற்றும் அடுத்த படி.

பலகையை வீட்டில் செதுக்கவும் முடியும். பெரிக் குளோரைட்டுக் கரைசலை 40 பாகை செல்சியஸ் அளவுக்கு இளஞ்சூடாக வைத்து ஆட்டிக்கொண்டிருந்தால் கால் மணி நேரத்தில் வேண்டாத செப்பு கரையும். கோடு 0.5 மி.மீ.க்குக் குறையக் கூடாது, பாத்திரம் பிளாஸ்ரிக்காக இருக்க வேண்டும், அலுமினியப் பாத்திரத்தைக் கரைசல் தின்றுவிடும். ஆனால் இதைப் பாடசாலையில் செய்யச் சொல்லுமுன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பயன்படுத்திய கரைசலில் செப்பு இருக்கிறது. நம் யாழ் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை, பெரும்பாலும் குடிப்பது சுண்ணக்கல்லுக்குள் தேங்கிய கிணற்று நீர். அந்தக் கரைசலைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஊற்றினால் அது எங்கே போய்ச் சேரும் என்று விளக்கத் தேவையில்லை. சலவைச் சோடாவைச் சிறிது சிறிதாகப் போட்டு நுரை அடங்கும்வரை விட்டு, அடியில் தங்கும் சேற்றை வடித்து உலர்த்திப் போத்தலில் அடைத்துத் தனியே வைக்க வேண்டும். இந்தத் தொல்லையைப் பார்க்கையில் தொழிற்சாலைக்கு அனுப்பிச் செய்விப்பதே மேல் என்பது எங்கள் முடிவு.

பலகை வந்ததும் ராஸ்பெரி பையை உடனே ஏற்ற வேண்டாம். முதலில் மின்வழங்கல் பாகங்களை மட்டும் ஈயம் வைத்து, 5 வோல்ற்றுக்கும் தரைக்கும் இடையில் பல்மானி ஊளையிடுகிறதா என்று பாருங்கள். ஊளையிட்டால் எங்கோ ஈயப்பாலம் இருக்கிறது. இல்லையென்றால் பற்றரி செருகி 5.1 அளந்து, பிறகு மற்றவை. இதற்காகவே 5 வோல்ற்று, 3.3 வோல்ற்று, தரை மூன்றுக்கும் பலகையின் ஓரத்தில் வெற்றுச் செப்புப் பொட்டு ஒவ்வொன்று வைத்தால் ஊசி வழுக்காது.

ஈயம் வைக்கத் தகர வேலைக்குரிய அமிலப் பசையைப் பயன்படுத்துவதை இங்கே பரவலாகக் காணலாம். ஈயம் நன்றாகத்தான் ஓடும், ஆனால் எஞ்சும் அமிலம் செப்பை அரிக்கும். குருநகர், வல்வெட்டித்துறை, பருத்தித்துறை போன்ற கரையோரங்களில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ள, மாரி முடியுமுன் கால்களைச் சுற்றிப் பச்சை பூக்கும். உள்ளே குங்கிலியம் உள்ள 0.8 மி.மீ. ஈயக்கம்பியை வாங்குங்கள், சூட்டுக்கோல் 330 பாகை போதும். முடிந்ததும் ஐசோபுரோபைல் அற்ககோலும் பழைய பல்துலக்கியும் கொண்டு கழுவுங்கள். பொத்தான் தொடும் இடங்களையும் செருகிகளையும் மறைத்துவிட்டு, பலகைக்கென விற்கும் பூச்சை ஒருமுறை பூசலாம்.

கடைசியாகச் செலவு. வெளிநாட்டுத் தொழிற்சாலைகள் 10 × 10 சென்ரிமீற்றருக்கு உட்பட்ட இரு பக்கப் பலகையைக் குறைந்தது ஐந்தாகத்தான் செய்து தருகின்றன. பலகையின் விலை சொற்பம், அனுப்பும் கூலிதான் அதைப் பல மடங்கு மிஞ்சுகிறது. ஒரு பாடசாலைக்கு ஒன்று, தவறினால் மாற்றுவதற்கு ஒன்று போக, மூன்று அலுமாரியில் தூசு பிடிக்கிறது. வலயக் கல்வி அலுவலகங்கள் ஒரு தவணைக்கு ஒருமுறை பாடசாலைகளின் வரைபடக் கோப்புகளைச் சேர்த்து ஒரே பொதியாக வரவழைக்க ஒழுங்கு செய்தால் கூலி பங்கிடப்படும், மிஞ்சும் பலகைகளும் அடுத்த பாடசாலைக்குப் போகும். உரியவர்கள் இதைக் கவனத்தில் எடுக்கத் தங்கள் பத்திரிகை உதவ வேண்டும்.

இங்ஙனம்,
இலத்திரனியல் பயிற்றுநர்கள் சிலர்,
கோண்டாவில், யாழ்ப்பாணம்.